கடைகளுக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம்

மகாராஷ்டிர மாநிலம் புனே நகரின் நடுவே புதவார் பேட்டை என்று ஒரு பகுதி இருக்கிறது. புதன்கிழமையின் பெயரால் அமைந்த பேட்டை. அங்குள்ள தகடூசேட் கணபதி கோயில் ஊரே கூடும் இடம். அந்தக் கோயிலுக்கு எதிரே 2023 டிசம்பர் வரை ஒரு பழைய கட்டடம் நின்றது. மேல்மாடி சிதைந்து, மரச்சட்டங்கள் வெளியே தெரிய, எப்போது விழுமோ என்ற நிலையில் இருந்தது. கீழே வரிசையாகக் கடைகள். சாமி கும்பிட வந்தவர்களும் சாமான் வாங்க வந்தவர்களும் அதைத் தினமும் கடந்து போனார்கள். அந்த வீட்டுக்குப் பெயர் பிடே வாடா.

1848-ஆம் ஆண்டு ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாய் பூலேயும் பெண் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கியது அந்த வீட்டில்தான். இந்தியாவில் பெண்களுக்கான முதல் பள்ளி என்றே மகாராஷ்டிர மக்கள் அதைச் சொல்கிறார்கள். கிறித்துவ மிஷனரிகள் அதற்கு முன்பே பெண்களுக்குப் பள்ளி நடத்தியிருக்கிறார்கள். வங்காளத்திலும் அதையொட்டிய காலத்தில் முயற்சிகள் நடந்தன. எனவே 'முதல்' என்ற சொல்லுக்காக யாரோடும் நாம் சண்டை போட வேண்டியதில்லை. சூத்திரர் என்று ஒதுக்கப்பட்ட தோட்டக்காரச் சாதியில் பிறந்த ஓர் இளைஞரும், பதினேழு வயதான அவர் மனைவியும், பேஷ்வாக்களின் பழைய தலைநகரத்துக்கு நடுவே பள்ளிக்கூடம் திறந்தார்கள் என்பதே போதும்.

இந்தப் பத்தியில் தலைவர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். இந்த வாரம் கட்டடங்களைப் பற்றி எழுதுகிறோம். ஒடுக்கப்பட்ட மக்கள் படித்த கதையில் பள்ளிக் கட்டடம் சும்மா சுவரும் கூரையுமாக இருந்ததில்லை. அது யாருடைய இடம், அதன் வாசல் யாருக்குத் திறந்தது, உள்ளே போன பிள்ளை எங்கே உட்கார்ந்தது என்பதில்தான் பாதிச் சண்டையே நடந்திருக்கிறது.

பிடே கொடுத்த இடம்

வாடா என்பது மராட்டிய ஊர்களில் வசதி படைத்தவர்கள் கட்டிய பெரிய வீடு. நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள், மரத்தூண்கள், மேலே ஒன்றோ இரண்டோ மாடிகள். நம் ஊர்த் தொட்டிக்கட்டு வீட்டைக் கொஞ்சம் பெரிதாக்கி நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். புனேயில் இப்படிப்பட்ட வாடாக்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. 1818-இல் பேஷ்வா ஆட்சி முடிந்து முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனாலும் அந்த வீடுகளில் வாழ்ந்தவர்களின் பழக்கவழக்கம் அவ்வளவாக மாறிவிடவில்லை. பேஷ்வா காலத்துப் புனேயில் தீண்டத்தகாதோர் எச்சில் துப்பக் கழுத்தில் கலயமும், காலடித் தடத்தை அழிக்க இடுப்பில் துடைப்பமும் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது என்று அண்ணல் அம்பேத்கர் எழுதியிருக்கிறார்.

அந்த ஊரில் ஒரு பூலேவுக்குப் பள்ளி நடத்த இடம் கொடுப்பது சிறிய காரியம் அல்ல. இடம் கொடுத்தவர் தாத்யாராவ் பிடே என்ற பிராமணர். பூலேவின் நண்பர்களில் சதாசிவராவ் கோவண்டே போன்ற வேறு சில பிராமணர்களும் இருந்தார்கள். பிராமணியத்தை அவ்வளவு கடுமையாக எதிர்த்த பூலேவுக்கு இப்படிப்பட்ட தோழர்கள் இருந்தார்கள் என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

பூலேவுக்கு இந்த எண்ணம் வரக் காரணமாக இருந்தவற்றுள் ஒன்று, அகமதுநகரில் சிந்தியா ஃபர்ரார் என்ற அமெரிக்க மிஷன் ஆசிரியை நடத்திய பெண்கள் பள்ளி. அதைப் பார்த்துவிட்டு வந்த அவர், பெண் படித்தால்தான் வீடு படிக்கும் என்ற முடிவுக்கு வந்தார். தன் மனைவிக்குத் தானே எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். சாவித்திரிபாய் ஆசிரியைப் பயிற்சியும் பெற்றார். 1831 ஜனவரி 3 அன்று சத்தாரா மாவட்டம் நைகாவில் பிறந்த அவர், ஒன்பது வயதில் கல்யாணமாகி வந்தபோது எழுதப் படிக்கத் தெரியாதவர். பதினேழு வயதில் பிடே வாடாவின் ஆசிரியை.

அவர் பள்ளிக்கு நடந்து போகும்போது தெருவில் சேற்றையும் சாணியையும் வீசினார்கள் என்பதும், பள்ளிக்குப் போய் மாற்றிக்கொள்ள இன்னொரு புடவையைக் கையோடு எடுத்துப் போனார் என்பதும் மகாராஷ்டிரத்தில் குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்த செய்தி. வீட்டுக்குள்ளும் நெருக்கடி வந்தது. ஊர்ப் பேச்சுக்குப் பயந்த ஜோதிராவின் தந்தை, பள்ளியை விடு, இல்லையேல் வீட்டை விட்டுப் போ என்றார். 1849-இல் இருவரும் வீட்டை விட்டு வெளியேறினார்கள். அடைக்கலம் கொடுத்தவர் உஸ்மான் ஷேக் என்ற முஸ்லிம் நண்பர். ஆக, பள்ளிக்கு இடம் ஒரு பிராமணர் வீட்டில். தங்க இடம் ஒரு முஸ்லிம் வீட்டில். சொந்த வீட்டில் இடம் இல்லை.

யார் படித்தார்கள்?

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நம் மேடைகளில் பேசுபவர்கள் பிடே வாடாவில் தலித் குழந்தைகள் படித்ததாகச் சொல்வது உண்டு. அங்கே முதலில் சேர்ந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சில சிறுமிகள்தான். அவர்களில் பெரும்பாலோர் பிராமணக் குடும்பத்துப் பிள்ளைகள் என்றே வரலாற்று நூல்கள் சொல்கின்றன. மகர், மாங் ஆகிய தீண்டத்தகாத சாதிப் பிள்ளைகளுக்குப் பூலே தம்பதியர் வேறு பள்ளிகளை நடத்தினார்கள். பெண்கள் பள்ளி தொடங்கி ஓராண்டுக்குப் பிறகு அதைத் தொடங்கியதாகவும், பின்னர் மேலும் இரண்டைச் சேர்த்ததாகவும் பூலே பிற்காலத்தில் அரசு ஆணையத்துக்குக் கொடுத்த மனுவில் கூறியிருக்கிறார்.

பிடே வாடா பள்ளி அங்கேயே நிலைத்துவிடவும் இல்லை. கொஞ்ச காலத்தில் நின்றது. 1851 ஜூலை 3 அன்று அதே புதவார் பேட்டையில் சிப்ளூண்கர் வாடாவில் புதிய பெண்கள் பள்ளி தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் ராஸ்தா பேட்டையில் ஒன்று. 1852 மார்ச்சில் வேதாள் பேட்டையில் இன்னொன்று. சொந்தக் கட்டடம் இல்லாத பள்ளிகள் இப்படித்தான் வீடு விட்டு வீடு மாறின.

1852 நவம்பர் 16 அன்று அரசு கல்வித்துறையின் சார்பில் பூலேவுக்குப் பொன்னாடை போர்த்தி மரியாதை செய்தார்கள். அந்த விழா நடந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். விஸ்ராம்பாக் வாடா. கடைசிப் பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் தனக்காகக் கட்டிய மாளிகை அது. பேஷ்வா போன பிறகு 1821-இல் ஆங்கிலேயர் அதில் சமஸ்கிருதக் கல்லூரி வைத்தார்கள். சூத்திரனுக்கும் தீண்டத்தகாதவனுக்கும் அந்தப் படிப்பில் இடம் கிடையாது. அதே கூரையின் கீழ், அவர்களுக்கும் பெண்களுக்கும் பள்ளி வைத்தவருக்குச் சால்வை. பிராமணப் பண்டிதர்களுக்கு வழங்குவதற்கென்று பேஷ்வாக்கள் காலத்திலிருந்து வந்த தட்சிணை நிதியின் ஒரு பகுதியும் பூலேவின் பள்ளிகளுக்கு உதவித்தொகையாக வந்தது. கட்டடத்தை இடிக்காமலேயே அதன் பயனை மாற்ற முடியும் என்பதற்கு இது ஒரு உதாரணம்.

முக்தா எழுதிய கட்டுரை

பூலே பள்ளியில் படித்த மாங் சாதிச் சிறுமி முக்தா சால்வே. மூன்றாண்டு படிப்புத்தான். அந்தப் படிப்பைக் கொண்டு மகர், மாங் மக்களின் துயரம் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். 1855-இல் 'ஞானோதயா' என்ற மராத்தி இதழ் அதை இரண்டு பகுதிகளாக வெளியிட்டது. தலித் பெண் ஒருவர் எழுதி அச்சேறிய மிகப் பழைய எழுத்துகளில் அது ஒன்று.

அந்தக் கட்டுரையில் கட்டடங்களைப் பற்றியும் முக்தா பேசுகிறாள். பேஷ்வா காலத்தில் பெரிய மாளிகைகள் எழும்பும்போது, மாங், மகர் மக்களுக்குச் செந்தூரம் கலந்த எண்ணெயைக் குடிக்கவைத்து அவர்களை அஸ்திவாரத்தில் புதைத்தார்கள் என்கிறாள். வேதம் பிராமணருக்கு மட்டும் உரியது என்றால் எங்கள் மதம் எது என்று கேட்கிறாள். பிரசவ வேளையில் தங்கள் பெண்களுக்குக் கூரைகூட இல்லை, மழையிலும் குளிரிலும் அவர்கள் படும் பாட்டை உங்கள் அனுபவத்திலிருந்து எண்ணிப் பாருங்கள் என்று மற்றச் சாதிப் பெண்களைப் பார்த்துப் பேசுகிறாள். கடைசியில் தன் மக்களிடம், படியுங்கள், அறியாமை என்ற நோய்க்கு அதுதான் மருந்து என்கிறாள்.

வாடாக்களின் அஸ்திவாரத்தில் தன் முன்னோர் கிடக்கிறார்கள் என்று ஒரு சிறுமி எழுதுகிறாள். அவளுக்கு எழுதச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர்கள் தங்கள் முதல் பள்ளியைத் தொடங்கியதும் ஒரு வாடாவில்தான். இதைப் படிக்கும் மாணவர்கள் முக்தாவின் வயதை ஒத்தவர்களாக இருப்பீர்கள். தமிழில் அவள் கட்டுரை கிடைத்தால் தேடிப் படியுங்கள்.

1857 கிளர்ச்சிக்குப் பிறகு நன்கொடைகள் குறைந்தன. பள்ளி நிர்வாகத்திலிருந்து பூலே ஒதுங்கினார். பள்ளிகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்தன. ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. 1868-இல் தன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தீண்டத்தகாதோருக்குத் திறந்துவிட்டார். 1873-இல் சத்திய சோதக் சமாஜத்தை நிறுவினார். 1882-இல் ஹண்டர் கல்வி ஆணையம் வந்தபோது, குறைந்தது பன்னிரண்டு வயது வரை தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும், ஆசிரியர்கள் உழைக்கும் சாதிகளிலிருந்தும் வர வேண்டும் என்று மனுக் கொடுத்தார். இந்தியாவில் கட்டாயக் கல்விச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010-இல். கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஒரு இரவில் இடிந்த வீடு

பள்ளி போன பிறகு பிடே வாடா சாதாரண வீடாகி, கை மாறி, கடைகளாகிப் போனது. அங்கே பள்ளி இருந்தது என்பது புத்தகத்தில் இருந்தது, தெருவில் இல்லை. ஆண்டுதோறும் ஜனவரி முதல் வாரத்தில் அமைப்புகள் வந்து அதன் முன்னால் மாலை போட்டு முழக்கமிடுவார்கள். அடுத்த நாள் கடைகள் வழக்கம்போலத் திறக்கும்.

அந்த இடத்தைக் கையகப்படுத்தி நினைவிடமாக்கப் புனே மாநகராட்சி தீர்மானித்தது. வாடகைதாரர்களான கடைக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். வழக்கு பத்தாண்டுக்கும் மேல் நடந்தது. கடைக்காரர்களை வில்லன்களாகக் காட்டுவது எளிது. கடைவீதியில் ஒரு கடை என்பது ஒரு குடும்பத்தின் சோறு. அவர்கள் தங்கள் உரிமையைக் கேட்டார்கள். ஆனால் வழக்கு நடந்த ஒவ்வொரு மழைக்காலத்திலும் கட்டடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்தது. காப்பாற்றத் தொடங்கிய வழக்கு முடிவதற்குள், காப்பாற்ற எதுவும் மிஞ்சவில்லை.

2023 அக்டோபர் 16 அன்று மும்பை உயர்நீதிமன்றம் கடைக்காரர்களின் மனுவைத் தள்ளுபடி செய்து, இடத்தை மாநகராட்சியிடம் ஒப்படைக்க உத்தரவிட்டது. நவம்பர் தொடக்கத்தில் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தது. டிசம்பர் 4 இரவு போலீஸ் காவலுடன் வந்த மாநகராட்சி இயந்திரங்கள் பிடே வாடாவை இடித்துத் தரைமட்டமாக்கின. 175 ஆண்டு வரலாறு விடிவதற்குள் மண்ணாகியது. 2024 செப்டம்பர் 29 அன்று நினைவிடத்துக்குப் பிரதமர் காணொலி வழியாக அடிக்கல் நாட்டினார்.

இதில் மகிழ்வதா வருந்துவதா? இரண்டும்தான். இடம் பொதுச் சொத்தாகிவிட்டது. இனி யாரும் அங்கே வேறு எதையும் வைக்க முடியாது. ஆனால் சாவித்திரிபாய் ஏறிய படி இல்லை, பிள்ளைகள் உட்கார்ந்த அறை இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அரசு விழித்திருந்தால் இடிக்காமல் தாங்கி நிறுத்தியிருக்கலாம். அதே நகரில் பேஷ்வாக்களின் சனிவார் வாடா 1828-இலேயே தீயில் எரிந்துபோனது. அதன் மதிலும் வாசலும் இன்றுவரை பாதுகாக்கப்பட்ட சின்னம். அரசன் வீட்டு மதிலுக்குக் கிடைத்த கவனிப்பு ஆசிரியை பாடம் நடத்திய வீட்டுக்குக் கிடைக்கவில்லை என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

புதிய நினைவிடத்தில் சிலையும் படங்களும் வரும். வரட்டும். அதோடு, வேலைக்குப் போகும் பெண்களும் படிப்பை விட்ட பிள்ளைகளும் மாலையில் வந்து உட்கார்ந்து படிக்க ஓர் அறையாவது அதில் இருக்க வேண்டும் என்பது நம் கருத்து. பள்ளிக்கூடத்தின் நினைவாக எழும் கட்டடத்தில் யாரும் படிக்காமல் இருந்தால், அதற்குக் கடைகளே தேவலை.

அரண்மனையில் ஒரு கோணிப்பை

பிடே வாடாவில் பள்ளி திறந்த அதே 1848-இல் புனேவுக்குத் தெற்கே சத்தாராவில் வேறொன்று நடந்தது. சத்தாராவின் கடைசி ராஜா ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். தத்துப்பிள்ளையை ஏற்க மறுத்து ஆங்கிலேயர் நாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். நம் பாடப்புத்தகத்தில் வாரிசு இழப்புக் கொள்கை என்று வருகிறதே, டல்ஹவுசி அதை முதலில் பயன்படுத்தியது சத்தாராவில்தான். ராஜா இல்லாத ஊரில் அரண்மனை மிஞ்சியது. பிரதாப்சிங் ராஜா காலத்தில் எழும்பிய அந்த அரண்மனை பின்னர் பள்ளிக்கூடமாக மாறியது. 1851-இல் தொடங்கப்பட்ட அரசுப் பள்ளி அது. இன்று அதற்குப் பிரதாப்சிங் உயர்நிலைப் பள்ளி என்று பெயர்.

1900-ஆம் ஆண்டு நவம்பர் 7 அன்று, ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வுபெற்ற ராம்ஜி, தன் ஒன்பது வயது மகனை அந்தப் பள்ளியில் ஆங்கில முதல் வகுப்பில் சேர்த்தார். சேர்க்கைப் பதிவேட்டில் வரிசை எண் 1914. பெயர், பீவா ராம்ஜி அம்பேத்கர்.

அரண்மனைப் பள்ளிதான். ஆனால் மற்றப் பிள்ளைகளோடு உட்கார இடமில்லை. சத்தாராவில் படித்த நாட்களைப் பற்றி அம்பேத்கரே பின்னாளில் எழுதியிருக்கிறார். வகுப்பில் மூலையில் தனியாக, தான் கொண்டுபோன கோணித்துண்டின்மேல் உட்கார வேண்டும். பள்ளியைப் பெருக்கும் வேலையாள் அந்தக் கோணியைத் தொடமாட்டான் என்பதால், மாலையில் அதைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப்போய் மறுநாள் திரும்பக் கொண்டுவர வேண்டும். தாகம் எடுத்தால் மற்றப் பிள்ளைகள் ஆசிரியரிடம் கேட்டுவிட்டுக் குழாயடிக்குப் போவார்கள். அவர் மட்டும் குழாயைத் தொடக்கூடாது. பியூன் வந்து திறந்துவிட வேண்டும். பியூன் வராத நாளில் தண்ணீர் கிடையாது.

பூலேவைத் தன் மூன்று குருமார்களில் ஒருவராக அம்பேத்கர் ஏற்றுக்கொண்டார்; மற்ற இருவர் புத்தரும் கபீரும். 1946-இல் வந்த சூத்திரர்களைப் பற்றிய தன் நூலைப் பூலேவுக்கே காணிக்கையாக்கினார். புனே வாடாவில் திறந்த கதவுக்கும் சத்தாரா அரண்மனையில் விரித்த கோணிக்கும் அப்படியொரு தொடர்பு.

சத்தாரா பள்ளி இன்றும் பள்ளியாகவே இருக்கிறது. அந்தப் பதிவேடும் இருக்கிறது. 2017 முதல் நவம்பர் 7-ஐ மாணவர் நாளாக மகாராஷ்டிர அரசு கொண்டாடுகிறது. அம்பேத்கர் பிறந்த நாள், இறந்த நாள் இரண்டும் நமக்குத் தெரியும். பள்ளியில் சேர்ந்த நாளை ஒரு மாநிலமே கொண்டாட முடிகிறதென்றால், யாரோ ஓர் எழுத்தர் நூற்றாண்டுக்கு மேல் ஒரு பழைய கணக்கு நோட்டைக் கரையானுக்குக் கொடுக்காமல் வைத்திருந்ததால்தான். அந்த எழுத்தர்கள் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

நம் பக்கத்துக் கதை

சென்னை மாகாணத்திலும் சண்டை கட்டடத்தில்தான் தொடங்கியது. 1893-இல் பஞ்சமர் கல்விக்கெனச் சென்னை அரசு தனி ஆணை போட்டது. 1894-இல் கர்னல் ஆல்காட் அடையாறு ஊரூரில் பஞ்சமர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். பின்னர் நகரின் பிற சேரிகளிலும் தொடங்கினார். முதல் பள்ளி, பெசன்ட் நகரில் ஆல்காட் நினைவுப் பள்ளியாக இன்றும் நடக்கிறது. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் தொடங்கிய நந்தனார் பள்ளி, அரசுப் பள்ளியாக அதே பெயரில் நடக்கிறது.

இவை தனிப்பள்ளிகள். பொதுப்பள்ளியின் நிலை என்ன? சட்டப்படி எல்லாப் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும். ஆனால் பள்ளி நடந்த இடம் அக்கிரகாரத்து வீட்டுத் திண்ணை, கோயில் மண்டபம், ஊர்ச் சாவடி. 'அரசு சொல்வதெல்லாம் சரி, வீட்டுக்காரர் விடமாட்டேன் என்கிறாரே' என்று அதிகாரிகள் கை விரித்தார்கள். பஞ்சமர் நுழைய முடியாத இடங்களில் பள்ளி நடத்தக் கூடாது என்று 1919-இல் சென்னை அரசு ஆணையிட வேண்டியிருந்தது. அதன் பிறகும் இடம் மாறாத பள்ளிகள் ஏராளம். புனேயில் ஒரு பிடே வாசலைத் திறந்தார். இங்கே எத்தனையோ வாசல்கள் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி அடைபட்டன.

அதனால்தான் தொழிலாளர் துறை மூலம் சேரிகளிலேயே பள்ளிகள் எழுந்தன. அவற்றின் தொடர்ச்சிதான் இன்றுள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள். இவற்றைப் பள்ளிக்கல்வித் துறையோடு இணைக்கப்போவதாக 2023-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தபோது, வேண்டும் என்றும் வேண்டாம் என்றும் குரல்கள் எழுந்தன. சாதிப் பெயர் பலகையில் இருப்பது பிள்ளைகளுக்கு இழிவு என்பது ஒரு கட்சி. தனித்துறை போனால் நிதியும் கவனிப்பும் போய்விடும் என்பது மறு கட்சி. 2025-இல் விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள். பலகையில் பெயர் மாறுவதில் நமக்கு வருத்தம் இல்லை. ஆனால் பெயரோடு சேர்ந்து அந்தப் பள்ளி ஏன் அங்கே வந்தது என்ற கதையும் போய்விடக் கூடாது.

கட்டடங்களும் போய்க்கொண்டிருக்கின்றன. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளிச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு, பழுதான பள்ளிக் கட்டடங்களை இடிக்கச் சொல்லி மாநிலம் முழுவதும் உத்தரவானது. அது சரியான உத்தரவு. ஒரு பிள்ளையின் உயிரைவிட எந்தப் பழைய ஓட்டுக்கட்டடமும் பெரிதல்ல. ஆனால் இடிப்பதற்கு முன்னால் ஒரு படம் எடுக்கலாம். நிலம் யார் கொடுத்தது, முதல் ஆசிரியர் யார், எந்த ஆண்டு கூரைக்கொட்டகை ஓட்டுக்கட்டடம் ஆனது என்று ஊரில் வயதானவர்களைக் கேட்டு எழுதி வைக்கலாம். கல்வெட்டுப் பலகை இருந்தால் அதைப் பெயர்த்துப் புதுக் கட்டடத்தில் பதிக்கலாம். இதற்கு அரசாணை வேண்டாம், தலைமை ஆசிரியர் மனம் வைத்தால் போதும். நல்ல நிலையில் உள்ள பழைய கட்டடமாக இருந்தால், மாலை நேர இலவசப் பயிற்சிக்கோ ஊர் நூலகத்துக்கோ கேட்டு மனுக் கொடுக்கலாம். கிராமசபையில் தீர்மானம் போட்டு அனுப்பினால் அந்த மனுவுக்குப் பலம் கூடும்.

கல்லூரியில் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். உங்கள் தாத்தாவோ பாட்டியோ படித்த பள்ளி இன்னும் நடந்தால், அங்கே போய்த் தலைமை ஆசிரியரிடம் அனுமதி கேட்டுப் பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் பாருங்கள். பெயர், தகப்பன் பெயர், தொழில், சேர்ந்த தேதி என்று கட்டம் கட்டமாக இருக்கும். கடைசிப் பத்தியில் நின்ற தேதியும் நின்றதற்கான காரணமும் இருக்கும். சேர்ந்தவர்களில் எத்தனை பேர் ஐந்தாம் வகுப்பு வரை வந்தார்கள், எத்தனை பெண் பிள்ளைகள் இருந்தார்கள், முதன்முதலாகப் பத்தாம் வகுப்பைத் தொட்டவர் யார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பக்கங்கள் பொடிந்தால் கையால் புரட்ட வேண்டாம். தாளின் அடியில் ஓர் அட்டையைக் கொடுத்துத் திருப்பி, செல்போனில் படம் எடுத்துப் பள்ளிக்கும் ஒரு பிரதி கொடுத்துவிட்டு வாருங்கள்.